குடும்பத்தோட வந்துருங்க

வாசற்படிக்குக் கீழே செருப்புகள் கிடந்தன. உள்ளே ஆள் அரவமே இல்லை.

சாந்தாமணி அந்த வீட்டில் முதலில் பார்த்தது அதைத்தான். குதிகால் வலி வந்ததிலிருந்து எங்கே மிதித்தால் தேவலை என்று தரையைப் பார்த்தே நடக்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. கட்டைவிரலுக்கு வளையம் வைத்த பெரிய தோல் செருப்பு ஒன்று, பின்பக்கம் தேய்ந்த பொம்பளைச் செருப்பு ஒன்று, நாடா கட்டுகிற பழைய மாதிரி ஷூ, இன்னும் ஒன்றிரண்டு ஜோடி. எல்லாம் வீட்டைப் பார்த்தபடி, இப்போதுதான் கழற்றிவிட்டு உள்ளே போனது போல வரிசையாகக் கிடந்தன. இத்தனை பேர் உள்ளே இருந்தால் ஒரு இருமலோ, நாற்காலி இழுபடும் சத்தமோ கேட்க வேண்டும். மேட்டுப்பாளையம் ரோட்டில் போன லாரியின் இரைச்சல் தேய்ந்து அடங்கிய பிறகும் அந்தப் பழைய பங்களாவுக்குள்ளிருந்து ஒன்றும் வரவில்லை.

"நெறயப் பேரு வந்திருக்கறாங்களாட்டம் இருக்குது" என்றாள்.

அவள் மகள் நந்திதா செருப்பைக் கழற்றிவிட்டு ஏற்கெனவே படியேறியிருந்தாள். "இங்க ஆரும்மா வரப்போறாங்க. பாலகோபால் சார் மட்டுந்தான் இருப்பாரு. வாங்கம்மா."

ஒரே நாளில் மூன்றாவது மியூசியம். கல்யாணம் வைத்திருக்கிற வீட்டுக்காரிக்கு இது தேவையா என்று அப்போது யாராவது பரிவாகக் கேட்டிருந்தால் சாந்தாமணி அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். நந்திதாவுக்குத் தை மாதத்தில் முகூர்த்தம். மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை. போவதற்கு முன்னால் கோயமுத்தூரில் இருக்கிற மியூசியம் எல்லாவற்றையும் ஒருக்கா பார்த்துக்கொள்கிறேன் என்று மகள் கேட்டாள். மற்ற பெண்கள் புடவை கேட்பார்கள், நகை கேட்பார்கள். இவள் இதைக் கேட்டாள். நிச்சயமான பெண்ணைத் தனியே அனுப்ப முடியாது. போகிற வழியில் விட்டுப்போன வீடுகளுக்குப் பத்திரிகை வைத்த மாதிரியும் இருக்கும் என்று மஞ்சள் பையில் பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் குங்குமச் சிமிழும் எடுத்துக்கொண்டு சூலூரில் காலையிலேயே பஸ் ஏறினார்கள்.

காலையில் பார்த்தது காட்டு மிருகங்கள் இருக்கிற மியூசியம். பஞ்சு அடைத்த காட்டெருமை, பாட்டில் திரவத்தில் சுருண்ட பாம்பு, கண்ணாடிக் கண் வைத்த மான். மத்தியானம் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இருந்த மியூசியத்தில் வீரக்கல்லும் பழைய காசும் பார்த்தார்கள். செத்துப்போனதை எல்லாம் துடைத்து வைத்துப் பேர் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், உயிரோடு இருக்கிற மனுஷிக்கு உட்கார ஒரு பெஞ்சு போடவில்லை என்று சாந்தாமணி மனதுக்குள் வைதுகொண்டே நடந்தாள். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்தபோது அந்த வசவு அடங்கிப்போனது. அவள் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாலும் நின்று விடைபெற்றுக்கொண்டிருந்தாள்.

இந்த மூன்றாவது இடத்துக்கு நந்திதா பட்ட கடன் வேறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஓர் இடம் நிச்சயமாகி, பத்திரிகை அடித்து, பாதி ஊருக்கு வைத்தும் முடித்த பிறகு அந்தக் கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளையின் பெரியப்பா சென்னிமலையில் இருந்தார். அவருக்கு நேரில் போய் வெற்றிலை பாக்கு வைக்காமல், அவ்வளவு தூரம் போக அலுப்புப்பட்டு, சாந்தாமணி தபாலில் அனுப்பிவிட்டாள். மரியாதை தெரியாத வீடு என்றார் அவர். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு நந்திதா வீட்டை விட்டு வெளியே வரவில்லை, யாரோடும் பேசவில்லை, தலைகூடச் சீவவில்லை. துடியலூருக்கு முன்னால் இருக்கிற இந்தத் தனியார் மியூசியத்தில் சாமான்களுக்குப் பேர் எழுதி ஒட்ட ஆள் வேண்டும் என்று தெரியவந்து, இங்கே வர ஆரம்பித்த பிறகுதான் பிள்ளை மறுபடி சிரித்தது. அதனால் அந்த மியூசியத்தைப் பார்த்துக்கொள்கிற பாலகோபால் சாருக்கு நேரில்தான் பத்திரிகை வைக்க வேண்டும். அவருக்கு மட்டுமில்லை. இந்தத் தடவை யாரையும் விடக்கூடாது என்று சாந்தாமணி முடிவு செய்திருந்தாள். எதிரே வருகிற பெரியவரை எல்லாம் நிறுத்திப் பத்திரிகை வைக்கிறாள் என்று அவள் புருஷன் அங்கப்பன் கேலி செய்தார். செய்யட்டும். இந்தக் கல்யாணமும் நின்றால் பிள்ளை இன்னொரு தடவை எழுந்து வராது என்று அவளுக்குத் தெரியும்.

வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் கட்டிப்போனது. ஜன்னல் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. அந்துருண்டை வாசமும், பழைய பஞ்சு வாசமும், அவற்றுக்கு அடியில் புதுசாக வெள்ளையடித்த வீட்டில் அடிக்கிற ஈரச் சுண்ணாம்பு வாசமும் மூக்கில் ஏறின. மேலே ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வேகம் குறைந்து, கிறீச்சென்று ஒரு முறை முனகி நின்றது.

"கரெண்ட் போச்சு" என்றாள் நந்திதா. "சார் பின்னாடி செட்டுல இருப்பாரு. நானு போயிக் கூட்டிட்டு வாரேன். நீங்க உக்காருங்கம்மா."

உட்கார நாற்காலியைத் தேடியபோதுதான் சாந்தாமணி பக்கத்து அறையில் பெரியவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, தலைப்பாகை. கை வைத்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருட்டில் இன்னும் ஓரிருவர் இருக்கிற மாதிரியும் தெரிந்தது. இந்த பங்களா பழைய பஞ்சாலை முதலாளி ராமுலு நாயுடுவின் வீடு என்று மகள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அந்தக் குடும்பத்துப் பெரியவர்களாக இருக்கும். செருப்புக்குச் சொந்தக்காரர்கள் இவர்கள்தான். வந்தவளை வாங்க என்று கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார்களே என்று ஒரு நொடி மனது சுணங்கியது. அடுத்த நொடியே சென்னிமலைப் பெரியப்பா ஞாபகம் வந்தது. வேலைக்காரருக்குப் பத்திரிகை வைத்துவிட்டு வீட்டுக்காரருக்கு வைக்காமல் போனாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது.

குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. முந்தானையைச் செருகிக்கொண்டு அதற்கு அடியில் குனிந்து போனாள்.

"ஏனுங்க, நாங்க சூலூருங்க. இங்க வேலை பாத்த நந்திதாவோட அம்மாங்க. புள்ளைக்குக் கல்யாணம் வெச்சிருக்கறமுங்க. குடும்பத்தோட வந்துருங்க. நாலு நாளு முன்னாடியே வந்து, கூட இருந்து, உங்க ஊட்டுப் புள்ளையா நெனச்சு நடத்திக் குடுக்கோணும்."

ஒரு மாதமாக வீடு வீடாகச் சொன்ன வாசகம். நினைப்பு எங்கோ இருக்க வாய் தானாகச் சொல்லி முடித்தது. பெரியவர் பேசவில்லை. ஆனால் நாற்காலிக் கையின் மேல் அவருடைய வலது கை மல்லாந்து, விரல்கள் லேசாக வளைந்து, எதையோ வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பது போல இருந்தது. வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் அதில் வைத்தாள். விரல் பட்ட இடம் சில்லென்றிருந்தது. அவள் மாமனார் பக்கவாதத்தில் விழுந்து கிடந்த காலத்தில் அவர் கையும் இப்படித்தான் இருந்தது, பேச்சும் இருக்கவில்லை. பாவம், இவருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கால் கல்லு மாதிரி இருந்தது. விரலில் வெள்ளையாக மாவு ஒட்டியது.

அப்போது கரெண்ட் வந்தது. ட்யூப் லைட் இரண்டு தடவை வெட்டிவிட்டு எரிந்தது.

பொம்மை. சுண்ணாம்புக் காரையில் செய்து வண்ணம் பூசிய ஆளுயரப் பொம்மை. பெரியவரும், பக்கத்தில் அவர் சம்சாரமும், பின்னால் நின்ற மூத்த மகனும் மருமகளும், அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்த இளைய மகனும். இளைய மகனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அத்தனை பேருக்கும் கண்ணாடிக் கண். காலையில் பார்த்த மானுக்கு இருந்ததே, அதே மாதிரிக் கண்.

வாசலில் நின்று பார்த்த நந்திதா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அம்மா, இவங்களுக்குமாம்மா பத்திரிகை!" சாந்தாமணிக்கும் சிரிப்பு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. சிரிக்காமல் நின்றது பாலகோபால் மட்டும்தான். அறுபது வயதிருக்கும், ஒல்லியான மனிதர், கையில் துடைக்கிற துணி.

"மொதலாளி உசுரோட இருக்கறப்பவே போட்டோவப் பாத்துச் செய்யச் சொன்னதுங்க" என்றார். "இது சின்னவரு சீனிவாசலு. பொண்ணு நிச்சயமாகி, முகூர்த்தத்துக்கு முன்னாடி காய்ச்சல்ல போயிட்டாரு. அந்தப் பொண்ணுக்குன்னு ஒரு சேர் போடச் சொல்லீட்டாரு மொதலாளி. அதுக்கப்பறம் இந்த ஊட்டுல நல்லது ஒண்ணும் நடக்கலீங்க. துக்கம் புடிச்ச ஊடுன்னு எந்த விசேஷத்துக்கும் ஆரும் கூப்பிடறதில்ல. கடைசி வரைக்கும் கூப்பிடல."

சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். "பத்திரிகைய எடுத்துத் தந்தர்றேனுங்க. வேற ஆருக்காச்சும் ஆகும்."

எடுத்திருக்கலாம். ஒரு நொடி வேலை. சாந்தாமணிக்குக் கால் கடுத்தது, தலை கனத்தது, சீக்கிரம் பஸ் ஏறினால் போதும் என்றிருந்தது. அதோடு வெற்றிலை பாக்கோடு கொடுத்ததைத் திருப்பி வாங்குவது அபசகுனம். கல்யாண விஷயத்தில் அப்படி ஒரு காரியம் அவள் கையால் நடக்க வேண்டாம்.

"இருக்கட்டுமுங்க. குடுத்ததத் திருப்பி வாங்கறது முறையில்லீங்க" என்றாள்.

பாலகோபால் கையை மடக்கிக்கொண்டார். பெரியவரின் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பாலகோபாலுக்கும் முறைப்படி பத்திரிகை வைத்துவிட்டு, குடும்பத்தோட வந்துருங்க என்று இரண்டாவது தடவையும் சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள்.

வாசலில் சாந்தாமணி நின்றாள். வரிசையாகக் கிடந்த செருப்புகள் இப்போது வெளியே பார்த்துக் கிடந்தன. அவளுடையதும் நந்திதாவினுடையதும் மட்டும் கழற்றிப் போட்டபடி வீட்டைப் பார்த்து இருந்தன.

"இதெல்லாம் ஆரோட செருப்புங்க?"

"அவங்களோடதுதானுங்க. மொதலாளி செருப்போட ஒருத்தரையும் உள்ள உடமாட்டாரு. அவரு காலத்துல இருந்தாப்லயே இருக்கட்டும்னு வாசல்ல வெச்சிருக்கறது." சொல்லிவிட்டு அவரும் கீழே பார்த்தார். பிறகு குனிந்து ஒவ்வொரு ஜோடியாக எடுத்து வீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தார். எதை எங்கே வைப்பது என்று அவர் யோசித்து யோசித்து வைத்ததைப் பார்த்தால் பழகிய வேலையாகத் தெரியவில்லை.

பஸ்ஸில் நந்திதா அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். எண்ணெய் வழிந்த நெற்றியும் லேசாகத் திறந்த வாயுமாகக் குழந்தையாக இருந்தபோது தூங்கிய அதே முகம். இது நல்லா இருந்தால் போதும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்று சாந்தாமணி நினைத்தாள். விரலில் ஒட்டியிருந்த வெள்ளை மாவை முந்தானையில் துடைத்தாள். அது போகவில்லை.

அதன் பிறகு கல்யாண வேலையில் மற்றது எல்லாம் மறந்துபோனது. மளிகை, மண்டபம், சமையலாள், ஜவுளி, சீர்ச்சாமான் என்று ஒவ்வொரு நாளும் ஆளை அடித்துப்போட்டது. படுத்தால் தூக்கம் வரவில்லை, எழுந்தால் உடம்பு வரவில்லை. முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னால் வீட்டு வாசலில் முகூர்த்தக்கால் நட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற தறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டார் அங்கப்பன். வருஷக்கணக்காக ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்த விசைத்தறிச் சத்தம் நின்றதும் வீடு வேறு வீடாகிவிட்டது. அதுவரை கேட்காத சத்தம் எல்லாம் கேட்டது. கதவுக் கீல் முனகுவதும், பந்தல் ஓலை உரசுவதும், யாரோ மெதுவாக, கனமாக, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நின்று நின்று படியேறுவதும்.

சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கல்யாண வீட்டில் யார் எவர் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாத முகம் ஒன்று வந்தால் அங்கப்பன் அது மனைவி வழிச் சொந்தம் என்று வாங்க வாங்க என்பார். சாந்தாமணி அது புருஷன் வழிப் பங்காளி என்று தலையாட்டிக் காப்பிக்குச் சொல்லுவாள். யாரையும் நீங்கள் யார் என்று கேட்டுவிட முடியாது. கேட்டால் அதற்கும் ஒரு கோபம் வரும்.

பொழுது சாயும் நேரம். கூடத்தில் நின்று வெற்றிலைக் கவுளியைப் பிரித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த வாசம் வந்தது. அந்துருண்டை. அதற்கு அடியில் ஈரச் சுண்ணாம்பு. பட்டுப்புடவைகளை வெளியே எடுத்திருக்கிறார்கள், வீட்டுக்குப் புதுசாக வெள்ளையடித்திருக்கிறது என்று தனக்கே காரணம் சொல்லிக்கொண்டாள். படியிலும் கூடத்துச் சிமிட்டித் தரையிலும் வெள்ளையாகப் பொடி சிந்தியிருந்தது. அதற்கும் அதே காரணத்தைச் சொல்லிக்கொண்டாள்.

சமையலுக்கு வந்திருந்த மாரியாத்தாள் தட்டு நிறையக் காப்பி டம்ளரோடு திரும்பி வந்தாள்.

"ஏனுங்கக்கா, முன்ரூம்ல இருக்கறவங்க காப்பியே தொடலீங்க. ஆடை கட்டிப்போச்சு."

"ஆரு?"

"தெரியலீங்க. பேசவே மாட்டீங்கறாங்க. பெரிய எடத்து ஆளுங்களாட்டம் இருக்குது, நிமுந்தாப்ல உக்காந்திருக்கறாங்க. அந்தப் பாட்டையா கண்ணக்கூடச் சிமிட்டறதில்ல."

சாந்தாமணியின் கையிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை. முன்னறைக்குப் போகாமல் கால் அவளை வாசலுக்குக் கொண்டுபோனது. பந்தலுக்குள் செருப்புகள் மலையாகக் குவிந்திருந்தன, ரப்பர் செருப்பும் ஹீல்ஸும் குழந்தைகளின் பூப்போட்ட செருப்புமாக ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அந்தக் குவியலுக்குச் சற்றுத் தள்ளி, சுவரை ஒட்டி, வரிசையாக, ஒழுங்காக.

கட்டைவிரலுக்கு வளையம் வைத்த பெரிய தோல் செருப்பு.

பின்பக்கம் தேய்ந்தது.

நாடா கட்டிய ஷூ.

வீட்டைப் பார்த்தபடி.

கேட்டுக்கு வெளியே ஒருவர் நின்றிருந்தார். பாலகோபால். கையில் ஒரு பரிசுப் பொட்டலம், காலில் செருப்பு, அதைக் கழற்றாமல் நின்றிருந்தார். அவரும் அந்த வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்க என்று சொல்ல சாந்தாமணி வாயைத் திறந்தாள். இனி அந்த வார்த்தையைச் சொல்லவே பயமாக இருந்தது.

"நானு பூட்டீட்டுத்தானுங்கம்மா வந்தேன்" என்றார் பாலகோபால். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். "பூட்டீட்டு, இழுத்துப் பாத்துட்டுத்தான் வந்தேன்." கேட்டைத் தாண்டி அவர் உள்ளே வரவில்லை.

அவள் திரும்பினாள். கூடத்தில் புருஷன் யாரிடமோ மண்டப விஷயம் பேசிக்கொண்டிருந்தார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏனுங்க. முன்ரூம்ல ஆருங்க?"

அங்கப்பன் சிரித்தார். "என்னயக் கேக்கற? உன்ற சொந்தந்தான. நீதான் கூப்பிட்டிருக்கற. பெரியவரு கையில பத்திரிகை வெச்சிருக்கறாரு, வெத்தல வாடிப்போயிருக்குது. குடும்பமே வந்திருக்குது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நல்ல மனுசங்க, சாந்தா. பேச்சில்ல, ஆனா மரியாதை தெரிஞ்சவங்க. அந்தம்மா எந்திருச்சு நந்திதா கையப் புடிச்சு உக்கார வெச்சிருச்சு. நலுங்கு அவங்கதான் மொதல்ல வெச்சாங்க."

நலுங்கு. பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்துச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கன்னத்தில் சந்தனமும் மஞ்சளும் தொட்டு வைக்கிற சடங்கு. தாய் இல்லாமல் ஆரம்பித்திருக்கிறார்கள். அவள் வெற்றிலை பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அசந்துபோய் நின்றிருந்தாள்.

முன்னறை வரைக்கும் பத்தடி தூரம் இருக்காது. ஆட்களை விலக்கி விலக்கிப் போனாள். வாங்கக்கா என்றார்கள், என்னக்கா முகம் இப்படி வேர்க்குது என்றார்கள். சிரித்தபடி வழிவிட்டார்கள். வாசம் கூடியது. சந்தன வாசத்தை அமுக்கிக்கொண்டு சுண்ணாம்பு வாசம்.

கதவு திறந்திருந்தது.

சுவரோரம் நாற்காலிகள். பெரியவர். அவர் சம்சாரம். பின்னால் நின்றபடி இரண்டு பேர். இந்தப் பக்கம் சின்னவர், மடியில் கை வைத்து. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நந்திதா.

அரக்கு நிறப் புடவை, தலை நிறையப் பூ. முதுகு நிமிர்ந்திருந்தது. முகம் நேரே வாசலைப் பார்த்திருந்தது. அவள் ஒருபோதும் அப்படி உட்காரமாட்டாள். ஒரு காலை மடக்கிப் போட்டு, சாய்ந்து, நகத்தைக் கடித்துக்கொண்டு உட்காருகிற பிள்ளை அது.

"நந்திதா. எந்திரி கண்ணு."

எழுந்திருக்கவில்லை.

"அம்மணி. அம்மா கூப்பிடறேன், எந்திரி சாமி."

தோளைப் பிடித்தாள். தோள் அசையவில்லை. கன்னத்தைத் தொட்டாள். சந்தனம் என்று நினைத்தது சந்தனமில்லை. வெள்ளையாக இருந்தது. காய்ந்திருந்தது. துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். அடியிலும் வெள்ளைதான். அதற்கு அடியிலும்.

சில்லென்று.

"பொண்ணுன்னா இப்படி இருக்கோணும்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். "எத்தன அடக்கம் பாரு. அசையக்கூட மாட்டீங்குது." ஆமாங்க என்றார்கள் மற்றவர்கள். சந்தனக் கிண்ணம் கை மாறி மாறி வந்தது. வரிசை நீண்டிருந்தது.

சாந்தாமணி பெரியவரிடம் போனாள். பத்திரிகை அவர் கையில் இருந்தது. அன்றைக்கு மல்லாந்து விரிந்திருந்த கை இன்றைக்கு மூடியிருந்தது. பத்திரிகையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"குடுங்க. நானு திருப்பி வாங்கிக்கறேன். தெரியாமக் கூப்பிட்டுட்டேனுங்க. குடுத்துருங்க."

வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். காகிதம் கிழியவும் இல்லை.

அவள் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். அங்கப்பனின் அக்கா. பல்லைக் கடித்துக்கொண்டு காதருகில் பேசினாள். "பைத்தியமா உனக்கு? வெச்ச பத்திரிகையப் பெரியவங்க கையிலிருந்து புடுங்கற. கோவிச்சுக்கிட்டு எந்திருச்சுப் போயிட்டா? ஒருக்கா பட்டது போதாதா?" நாலு பேர் பார்க்கிறார்கள். அக்கா சிரித்த முகத்தோடு, பிடியைத் தளர்த்தாமல், அவளை இழுத்துச் சுவரோரம் நிறுத்தினாள். "புள்ளையப் பிரியறாளல்ல, அதுதான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஐயோ பாவம் என்றார்கள்.

சத்தம் போட வேண்டும். ஒரு மாதமாக வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தீர்ந்துபோன குரல். சுவரில் சாய்ந்து நின்றாள்.

அங்கிருந்து ஜன்னல் வழியாகப் பந்தல் தெரிந்தது. சுவரை ஒட்டிய அந்தச் செருப்பு வரிசை இப்போது வெளியே பார்த்துத் திரும்பியிருந்தது. வரிசையின் கடைசியில், கல்யாணத்துக்கென்று வாங்கிய, இன்னும் மண் படாத நந்திதாவின் செருப்பு.

மடியில் இருந்த நந்திதாவின் வலது கை மெதுவாகத் திரும்பி மல்லாந்தது. விரல்கள் லேசாக வளைந்தன. அப்படியே நின்றன.

கண் மட்டும் இன்னும் கண்ணாடியாகவில்லை. அது சாந்தாமணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கி, வெள்ளைக் கன்னத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தது. அந்தக் கோட்டில் மட்டும் உயிருள்ள தோல் தெரிந்தது.

வரிசையில் அடுத்து நின்ற பெரியம்மா, "அழுகாத கண்ணு" என்று சிரித்தபடி கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, அந்தக் கோட்டின் மேல் அழுத்தித் தடவி மூடினாள்.